ரூலை உடைச்சாலும் வாசகனை ஏமாத்தாத துப்பறியும் கதைகள்

முதல்லயே சொல்லிடறேன், இதுல சில பழைய துப்பறியும் நாவல்களோட முடிவ வெளிப்படையா பேசப்போறேன். அகதா கிறிஸ்டி எழுதின 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', 'கர்ட்டன்', அப்புறம் ஃப்ரெட்ரிக் டூரன்மாட் எழுதின 'தி ப்ளெட்ஜ்', இந்த நாலும் இன்னும் படிக்கலைன்னா படிச்சுட்டு வந்து தொடருங்க. முடிவ மறைச்சு வெச்சுட்டு எந்த ரூல் எங்க உடைஞ்சதுன்னு காட்ட வழியே இல்ல, அதனாலதான் இந்த எச்சரிக்கை.

துப்பறியும் கதைக்கு இதெல்லாம் சட்டம்னு ஆளுங்க உக்காந்து எழுதினது 1920கள் முடியற சமயத்துல. 1928ல அமெரிக்காவுல எஸ்.எஸ். வான் டைன்ங்கற புனைபேர்ல எழுதிட்டிருந்த வில்லர்ட் ஹன்டிங்டன் ரைட் ஒரு பத்திரிகைல இருபது ரூல் போட்டார். அடுத்த வருஷமே இங்கிலாந்துல ரொனால்ட் நாக்ஸ் ஒரு சிறுகதைத் தொகுப்போட முன்னுரைல பத்து ரூல் எழுதினார், அவர் கத்தோலிக்க பாதிரியார், தானும் துப்பறியும் நாவல் எழுதறவர், அதனால அதுக்கு 'பத்துக் கட்டளை'ங்கற பேரே நிலைச்சிடுச்சு. 1930ல லண்டன்ல டிடெக்‌ஷன் கிளப் ஆரம்பிச்சாங்க. செஸ்டர்டன் முதல் தலைவர், கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், ஆன்டனி பெர்க்லி, நாக்ஸ் எல்லாரும் அதுல மெம்பர்ஸ். புதுசா சேர்றவங்க எரிக்னு பேர் வெச்ச ஒரு மண்டையோட்ட சாட்சியா வெச்சு உறுதிமொழி எடுக்கணும்: என் துப்பறிவாளர் தன் மூளைய வெச்சுத்தான் கேஸ முடிப்பார், தெய்வ வாக்கு, உள்ளுணர்வு, மந்திரம் மாயம், தற்செயல் எதையும் நம்பி இருக்க மாட்டார், முக்கியமான க்ளூ எதையும் வாசகர்கிட்ட இருந்து மறைக்க மாட்டேன், இப்படி. பாதி விளையாட்டுதான், ஆனா மீதி பாதி நிஜமான அக்கறை.

ஏன் திடீர்னு அந்த அக்கறை வந்துச்சு? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள எடுத்துக்கங்க. ஹோம்ஸ் தரையில குனிஞ்சு எதையோ எடுத்து பாக்கெட்ல போட்டுக்குவார், அது என்னன்னு வாட்சனுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது, கடைசில அவர் சொல்லும்போது நாம வாயப் பிளக்கணும், அவ்வளவுதான். அங்க நாம ஆடியன்ஸ். முதல் உலகப் போருக்கு அப்புறம் இந்த உறவு மாற ஆரம்பிச்சுது, வாசகனும் துப்பறிவாளனும் ஒரே க்ளூக்கள வெச்சு ஒரே நேரத்துல போட்டி போடணும்னு ஒரு எண்ணம் வேர் பிடிச்சுது. 1929ல அமெரிக்காவுல எல்லரி குவீன்ங்கற பேர்ல எழுத வந்த ரெண்டு பேர், முடிவுக்கு முன்னாடி கதையவே நிறுத்திட்டு, தேவையான எல்லா தகவலும் இப்ப உங்க கையில இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்னு வாசகருக்கு நேரடியா சவால் விட்டாங்க. இப்படி போட்டின்னு ஆயிட்டா விதிமுறை வேணும்தானே, ஒருத்தர் சீட்ட மறைச்சு வெச்சு ஆடினா எதிர்ல உக்காந்திருக்கறவர் எழுந்து போயிடுவார்.

இப்ப அந்த ரூல்கள ஒவ்வொண்ணா பாத்தா எல்லாத்துக்கும் ஒரே எடை இல்லன்னு தெரியும். நாக்ஸ் சொல்றத பாருங்க: ரகசிய அறையோ வழியோ ஒண்ணுக்கு மேல கூடாது, இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத விஷம் கூடாது, நீளமா அறிவியல் விளக்கம் கேக்கற கருவி கூடாது, முன்கூட்டியே வாசகர தயார்படுத்தாம இரட்டைப் பிறவிய கொண்டு வரக்கூடாது. கதைல சீனாக்காரரே வரக்கூடாதுன்னு கூட ஒரு ரூல் இருக்கு, இன்னிக்கு படிச்சா ரொம்ப தப்பா தெரியும், ஆனா 1913ல வந்த ஃபூ மான்சு நாவலுக்கு அப்புறம் மலிவு த்ரில்லர்கள்ல வில்லன்னாலே மர்மமான சீனாக்காரர்னு ஒரு இனவெறி பழக்கம் இருந்துச்சு, அந்த சோம்பேறித்தனத்தத்தான் நாக்ஸ் குத்திக் காட்டறார். இதெல்லாம் தேஞ்சு போன தந்திரங்களோட லிஸ்ட். வான் டைன் சொல்ற காதல் வேணாம், வேலைக்காரர் கொலையாளியா இருக்கக் கூடாது, ரகசிய சங்கம் வேணாம் இதுவும் அதே வகைதான்.

இன்னொரு வகை ரூல் வேற மாதிரி. துப்பறிவாளர் கண்டுபிடிக்கற க்ளூ உடனே வாசகருக்கும் காட்டப்படணும். குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்திருக்கணும். துப்பறிவாளருக்கு தற்செயலா எதுவும் உதவக் கூடாது. வாட்சன் மாதிரியான நண்பர் தன் மனசுல ஓடற எதையும் மறைக்கக் கூடாது. இதுதான் நேர்மை ஒப்பந்தம். இந்த ரெண்டு வகையையும் கலந்து பாக்கறதாலதான் 'ரூலை உடைச்ச கதை'ன்னா என்னன்னு ஒரு குழப்பம் வருது. என் பார்வைல பேர் வாங்கின பெரிய மீறல்கள் பெரும்பாலும் முதல் வகைய உடைச்சவை, இல்லைன்னா ரெண்டாவது வகையோட எழுத்த மட்டும் உடைச்சுட்டு அதோட உயிர முன்னவிட கறாரா காப்பாத்தினவை.

அக்ராய்ட எடுத்துக்குவோம். 1926ல வந்த நாவல், கதைய சொல்றவர் டாக்டர் ஷெப்பர்ட், கொலையாளியும் அவரேதான். நாக்ஸோட முதல் கட்டளைப்படி, யாரோட எண்ணங்கள வாசகர் கூடவே இருந்து படிச்சாரோ அவர் குற்றவாளியா இருக்கக் கூடாது. நாக்ஸ் அத எழுதினதே இந்த நாவலுக்கு மூணு வருஷம் கழிச்சு, கிறிஸ்டியோட சில சாதனைகள நெனச்சா இந்த ரூல துல்லியமா சொல்றது கஷ்டம்னு அங்கயே ஒத்துக்கவும் செய்றார். புத்தகம் வந்தப்ப ஏமாத்து வேலைன்னு கோபப்பட்டவங்க இருந்தாங்க, எல்லாரையும் சந்தேகப்படறதுதான் வாசகரோட வேலைன்னு சேயர்ஸ் கிறிஸ்டிக்கு ஆதரவா பேசினாங்க.

யார் சொன்னது சரின்னு பாக்க அந்த கொலை நடக்கற பக்கத்த திரும்பப் படிச்சா போதும். ஷெப்பர்ட் எழுதறார்: கடிதம் வந்தப்ப மணி எட்டு நாப்பது, நான் அவர விட்டுக் கெளம்பும்போது எட்டு அம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படாமலே இருந்துச்சு, கதவு கைப்பிடில கை வெச்சுட்டு ஏதாவது செய்யாம விட்டுட்டோமான்னு திரும்பிப் பாத்தேன். இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல! நடுவுல பத்து நிமிஷம் காணாமப் போயிருக்கு, கொலை அந்த பத்து நிமிஷத்துல நடந்திருக்கு, அந்த ஓட்டைய கிறிஸ்டி மூடி வைக்கவே இல்ல, மணிக்கணக்கோட நம்ம கண்ணு முன்னாடி போட்டு வெச்சிருக்காங்க. கடைசி அத்தியாயத்துல ஷெப்பர்டே இந்த வரிகள எடுத்துக் காட்டி, எல்லாம் உண்மைதான் பாருங்கன்னு பெருமைப்படுவார். அந்த ரூல நம்பினதாலதான் நாம அந்த பத்து நிமிஷத்த கணக்கு பண்ணல. அதாவது வாசகரோட நம்பிக்கையே கொலையாளி ஒளிஞ்சுக்கற இடமா மாறிடுச்சு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. கிறிஸ்டியோட துப்பறிவாளர் பேர் புவாரோ. 1920ல வந்த முதல் புவாரோ நாவலயும் 1923ல வந்த ரெண்டாவது புவாரோ நாவலயும் சொல்றவர் அவரோட நண்பர் ஹேஸ்டிங்ஸ், நல்ல மனுஷன், கொஞ்சம் மந்தம், மனசுல பட்டத அப்படியே சொல்லிடறவர். அக்ராய்ட்ல ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினா போயிட்டார், புவாரோ தனியா ஒரு கிராமத்துல இருக்கார், நண்பர் இல்லாத குறைய வெளிப்படையாவே சொல்றார், பக்கத்து வீட்டு டாக்டர் அந்த காலி சீட்ல வந்து உக்காந்துக்கறார். துப்பறிவாளரோட கூட வர்ற நண்பர் நம்பகமானவர்னு கிறிஸ்டி ஏற்கனவே வாசகர பழக்கி வெச்சிருக்காங்க, அந்த பழக்கத்த வெச்சேதான் இங்க ஏமாத்தறாங்க. வான் டைனோட ரெண்டாவது ரூல், குற்றவாளி துப்பறிவாளர்கிட்ட நியாயமா செய்ற தந்திரத்த தவிர வேற எந்த தந்திரத்தையும் வாசகர்கிட்ட செய்யக் கூடாதுங்கும். இங்க தந்திரம் செய்றதே குற்றவாளிதான், பேனா அவன் கையில இருக்கு! அந்த கணக்குல பாத்தா ரூல் மீறப்படவே இல்லன்னு கூட வாதாடலாம்.

1934ல ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்லயும் அதே முறைதான், ஆனா வேற ரூல். எத்தனை கொலை நடந்தாலும் குற்றவாளி ஒருத்தர்தான், கூட ஒரு சின்ன உதவியாளர் வேணா இருக்கலாம்னு வான் டைன் சொல்லியிருந்தார். பனில மாட்டி நின்ன ரயில்ல ஒருத்தர் செத்துக் கிடக்கார், உடம்புல 12 குத்து, சிலது ஆழம், சிலது வெறும் கீறல், சிலது வலது கைல குத்தினது மாதிரி, சிலது இடது கைல குத்தினது மாதிரி. டாக்டருக்கே புரியல. கொலையாளி ஒருத்தர்னு நெனச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் இந்த காயங்களுக்கு விளக்கமே கிடைக்காது, அந்த ஒரு எண்ணத்த விட்டுட்டா 12 காயமும் 12 பேர கை காட்டுது. க்ளூ எல்லாம் முன்னாடியே இருக்கு, சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கற இவ்வளவு வகை ஆளுங்க ஒரே பெட்டில எப்படி சேர்ந்தாங்கன்னு ஆரம்பத்துலயே ஒரு பாத்திரம் ஆச்சரியப்படவும் செய்யுது. இங்க இன்னொரு ரூலும் சத்தமில்லாம உடையுது: புவாரோ குற்றவாளிகள பிடிச்சுக் கொடுக்கல, ரெண்டு விளக்கம் சொல்லி பொய்யானத போலீசுக்கு கொடுத்துடலாம்னு ஒத்துக்கறார். சாகடிக்கப்பட்டவன் ஒரு குழந்தைய கடத்திக் கொன்னுட்டு சட்டத்துல இருந்து தப்பினவன்ங்கறதால அந்த முடிவு நம்மள நெருடினாலும் ஏத்துக்க வைக்குது.

காதல் வேணாம், பிணம் இருந்தே ஆகணும், இந்த ரெண்டு ரூலயும் சீக்கிரமா பாத்துட்டு போயிடலாம். துப்பறியும் கதைல காதல் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லதுன்னு 1928ல ஒரு தொகுப்போட முன்னுரைல எழுதின அதே சேயர்ஸ், 1930ல இருந்து தன்னோட துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சிய ஹாரியட் வேன்மேல காதல்ல விழ வெச்சாங்க. 1935ல வந்த 'காடி நைட்'ல கொலையே கிடையாது, ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பெண்கள் கல்லூரில மொட்டைக் கடுதாசியும் நாசவேலையும்தான் மர்மம், ஆனாலும் முழு நாவலும் நிக்குது. பிணம் இல்லாம 300 பக்கம் ஒருத்தர் எதுக்கு படிக்கணும்னு வான் டைன் கேட்டதுக்கு இதவிட நல்ல பதில் இல்லன்னு நெனக்கறேன்.

அமானுஷ்யம் கூடாதுங்கற ரூல் கொஞ்சம் சிக்கலானது. ஜான் டிக்சன் கார் பூட்டின அறைக் கொலைகளுக்கு, அதாவது யாரும் உள்ள போயிட்டு வெளிய வந்திருக்கவே முடியாத அறைல நடக்கற கொலைகளுக்கு பேர் போனவர், 1936ல டிடெக்‌ஷன் கிளப்ல சேர்றார், அடுத்த வருஷமே 'தி பர்னிங் கோர்ட்' எழுதறார். மர்மத்துக்கு முழுசா, தர்க்கத்தோட ஒரு விளக்கம் கொடுத்து முடிச்சுட்டு, கடைசியா சில பக்கம் சேர்த்து அதுல அந்த விளக்கம் நிஜமாவே சரிதானான்னு ரத்தம் உறையற மாதிரி ஒரு சந்தேகத்த விதைச்சுட்டு போயிடுவார். தர்க்கம் கேட்டவங்களுக்கு தர்க்கம் கிடைச்சாச்சு, அதனால யாரும் திட்ட முடியாது. ஐசக் அசிமோவ் இன்னொரு பக்கத்துல இருந்து வந்தார். அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒண்ணு சேராது, ஏன்னா ஆசிரியர் கடைசில ஏதாவது புது மெஷின கண்டுபிடிச்சு தப்பிச்சுடலாமேன்னு எடிட்டர் ஜான் கேம்ப்பெல் சொல்லியிருந்தார், அதுக்கு பதிலாத்தான் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' 1954ல புத்தகமா வந்துச்சு. அதுல ரோபோ எத செய்ய முடியும் எத செய்ய முடியாதுன்னு முன்னாடியே தெளிவா சொல்லிடறார், அந்த எல்லைக்குள்ளயேதான் கொலையும் நடக்குது தீர்வும் வருது. அப்ப பிரச்சனை பேய்லயோ ரோபோலயோ இல்ல, வாசகருக்கு சொல்லாம கடைசி நிமிஷத்துல கொண்டு வர்றதுலதான் இருக்கு.

யார் கொன்னதுங்கற கேள்வியவே தூக்கிப் போட்டவங்களும் உண்டு, அதுவும் இந்த ரூல் எல்லாம் எழுதப்படறதுக்கு முன்னாடியே. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912ல வந்த தொகுப்புல முதல் பாதில குற்றத்த முழுசா காட்டிட்டு ரெண்டாவது பாதில துப்பறிவாளர் அத எப்படி கண்டுபிடிக்கறார்னு எழுதினார். 1931ல பெர்க்லி, ஃபிரான்சிஸ் ஐல்ஸ்ங்கற பேர்ல எழுதின 'மேலிஸ் அஃபோர்தாட்' முதல் வாக்கியத்துலயே ஒரு டாக்டர் மனைவிய கொல்ல முடிவெடுத்துட்டார்னு சொல்லிடும். டிவில கொலம்போங்கற துப்பறியும் தொடர் ஓடினதும் இதே வடிவத்துலதான். 2005ல ஜப்பான்ல கெய்கோ ஹிகாஷினோ எழுதின 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இந்த வடிவத்த எங்கயோ கொண்டு போயிடுச்சு. கொலைய நாம ஆரம்பத்துலயே நேர்ல பாத்துட்டோம், யாருன்னு தெரியும், எப்படின்னு தெரியும், அப்புறமும் கடைசில நாம ஏமாந்து நிக்கறோம். எப்படின்னு சொல்ல மாட்டேன், அது நீங்களே படிச்சு அனுபவிக்க வேண்டியது.

துப்பறிவாளரே கொலையாளியா இருக்கக் கூடாதுங்கற கட்டளை எழுதப்படறதுக்கு ரொம்ப முன்னாடியே உடைஞ்சு போனது, 1890கள் தொடக்கத்துலயே லண்டன்ல வந்த ஒரு நாவல்ல அப்படி நடந்திருக்கு, பேர் சொன்னா கெட்டுடும். ஆனா 'கர்ட்டன்' தர்ற அதிர்ச்சி வேற. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல எழுதி பத்திரமா வெச்சிருந்த கடைசி புவாரோ கதைய கிறிஸ்டி 1975ல வெளிய விட்டாங்க. அதுல வர்ற நார்ட்டன் யாரையும் தொட மாட்டான், பேசிப் பேசியே மத்தவங்கள கொலை செய்ய தூண்டுவான், சட்டத்தால அவன எதுவும் செய்ய முடியாது. நாம நம்பின நல்ல மனுஷன் ஹேஸ்டிங்ஸ் கூட ஒரு கட்டத்துல கொலைக்கு விளிம்புல போய் நிக்கறார். வேற வழியில்லாம புவாரோவே நார்ட்டன சுடறார். வாழ்நாள் முழுக்க கொலைய ஏத்துக்கவே மாட்டேன்னு நின்ன மனுஷன் அவர், அந்த உறுதிய இத்தனை புத்தகமா நமக்குக் காட்டியிருக்கலைன்னா இந்த முடிவுக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டாங்க, ஒரு கற்பனை ஆளுக்கு.

இதுவரைக்கும் சொன்னவங்க யாரும் நேர்மை ஒப்பந்தத்த கிழிக்கல. அதையே கிழிச்சுப் போட்டவர் சுவிட்சர்லாந்தோட டூரன்மாட். 1958ல குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள பத்தின ஒரு படத்துக்கு அவர் திரைக்கதைல வேலை பாத்தார், படத்துல கொலையாளி பிடிபடுவான். அந்த முடிவு அவருக்கு திருப்தி தரல, அதே வருஷம் அத நாவலா எழுதி முடிவ மாத்தினார், 'துப்பறியும் நாவலுக்கு ஒரு இரங்கற்பா'ங்கற மாதிரி ஒரு துணைத்தலைப்பும் வெச்சார். இன்ஸ்பெக்டர் மத்தேய், செத்துப்போன சிறுமியோட அம்மாவுக்கு கொலையாளிய பிடிப்பேன்னு வாக்கு கொடுக்கறார். கொலையாளி எந்த வழியா வருவான்னு சரியா கணிச்சு, அந்த ரோட்ல ஒரு பெட்ரோல் பங்க் எடுத்து நடத்தி, அதே சாயல்ல இருக்கற ஒரு சின்னப் பொண்ண தூண்டில் மாதிரி வெச்சு காத்திருக்கார். அவரோட கணக்கு எல்லாமே சரி. கொலையாளி அந்த பொண்ண பாக்க வந்துட்டும் இருந்தான். வர்ற வழியில கார் விபத்துல செத்துப் போயிட்டான். இது யாருக்கும் தெரியாது. மத்தேய் காத்துக்கிட்டே இருந்து குடிச்சு சீரழிஞ்சு போறார், பல வருஷம் கழிச்சு சாகக் கெடக்கற ஒரு கிழவி சொல்லித்தான் உண்மை வெளிய வருது, அதுவும் மத்தேய்கிட்ட இல்ல, அவரோட பழைய மேலதிகாரிகிட்ட.

நாக்ஸ், துப்பறிவாளருக்கு தற்செயல் உதவக் கூடாதுன்னார். டூரன்மாட் தற்செயல அவருக்கு எதிரா திருப்பி விட்டார். புத்திசாலித்தனமா யோசிச்சா உலகம் பதில் சொல்லியே தீரும்னு துப்பறியும் கதை கொடுக்கற வாக்கு பொய்னு நேருக்கு நேரா சொல்றார். இங்க நமக்கு புதிர அவிழ்த்த சந்தோஷம் கிடையாது, ஆனா அதுக்கு ஈடா வேற ஒண்ணு கிடைக்குது, ஒரு மனுஷன் சரியா இருந்தும் தோத்துப் போனா அவனுக்கு என்ன ஆகும்னு முழு நாவலும் காட்டுது. நேர்மை ஒப்பந்தத்த உடைக்கறவங்க இவ்வளவு பெருசா எதையாவது திருப்பித் தரணும். தராம உடைக்கறவங்க மேலதான் எனக்கு கோபம்: கடைசி அத்தியாயம் வரைக்கும் பேரே வராத அண்ணன், எல்லாம் கனவுன்னு முடியற கதை, தனக்குத்தானே மனசுக்குள்ள பொய் யோசிக்கற கதைசொல்லி. ஷெப்பர்ட் மறைச்சார், ஆனா பொய் சொல்லல. இன்னிக்கு வர்ற பல த்ரில்லர்கள்ல கதைசொல்லிய நம்ப முடியாதுன்னு முதல் பக்கத்துலயே நமக்குத் தெரிஞ்சுடுது, அப்புறம் அந்த ட்விஸ்ட் எங்க போய் ஒளிஞ்சுக்கும்? ரூல்மேல நம்பிக்கை இருந்தாத்தானே அதுக்குப் பின்னாடி எதையாவது மறைக்க முடியும்.

அந்த நம்பிக்கையவே விளையாட்டா மாத்தினவர் செக் எழுத்தாளர் யோசஃப் ஷ்க்வொரெட்ஸ்கி. 1973ல வந்த அவரோட 'சின்ஸ் ஃபார் ஃபாதர் நாக்ஸ்' தொகுப்புல பத்து கதை, ஒவ்வொண்ணும் ஒரு கட்டளைய மீறும், கொலையாளி யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சா பத்தாது, எந்த கட்டளை மீறப்பட்டுச்சுன்னும் கண்டுபிடிக்கணும். ஜப்பான்ல 2007ல ஆரம்பிச்ச 'உமினேகோ' வீடியோ கேம்ல நாக்ஸோட கட்டளைகள ஆயுதம் மாதிரி எடுத்து வாதாடற பாத்திரமே இருக்கு. ஒரு முன்னுரைல பாதி விளையாட்டா எழுதின பத்து வரி, அத்தனை வருஷம் கழிச்சு வேற ஒரு நாட்டுல அப்படி உயிரோட இருக்கு.

புதுசா இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மீறின கதைகள்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. ஹேஸ்டிங்ஸ் சொல்ற ரெண்டு மூணு புவாரோ கதை, எல்லரி குவீனோட சவால் பக்கம் இருக்கற ஒரு நாவல், காரோட ஒரு பூட்டின அறை, இவ்வளவும் படிச்சு ரூல் கைல ஊறினதுக்கு அப்புறம் 1939ல வந்த கிறிஸ்டியோட 'அண்ட் தென் தேர் வேர் நன்' எடுங்க. தீவுல பத்து பேர், துப்பறிவாளரே கிடையாது. அதோட முடிவ இங்க நான் சொல்லல.